பசுமைக்குடில் போடப்போகிறீர்களா? மாடியை விட்டு இறங்கி, வீட்டுக்குக் கிழக்கே வாருங்கள்



பதிவு கொஞ்சம் நீளம்தான். காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். என் வகுப்பில் முழுசாக ஒரு பீரியடு உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிசில்லை.

சில மாதங்களாக உங்களில் ஐந்தாறு பேர் ஒரே விஷயத்தைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், வீட்ல சின்னதா ஒரு கிரீன்ஹவுஸ் போடலாம்னு இருக்கேன். மாடியில நல்லா வெயில் விழுது. அங்கயே போட்டுரவா?" கேட்கிற எல்லோருமே இடத்தை முடிவு பண்ணிவிட்டுத்தான் கேட்கிறீர்கள். நான் 'சரிப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைத்தான் நான் சொல்லப்போவதில்லை.

ஆமத்தூரிலோ விருதுநகரிலோ சிவகாசியிலோ சாத்தூரிலோ வெயில் விழும் இடத்தை யாரும் தேட வேண்டியதில்லை. அது நம்மைத் தேடி வந்துவிடும். நாம் தேட வேண்டியது மத்தியானத்துக்கு மேல் நிழல் விழுகிற இடம். அப்படிப்பட்ட இடம் பெரும்பாலான வீடுகளில் தரையில், கிழக்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. மாடியில் இல்லை. இது என் கருத்து. கோபம் வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. தீப்பெட்டித் தொழில் ஏன் நம்ம பக்கம் வந்து நிலைத்தது? 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்த கதை உங்களுக்குத் தெரியும். அங்கே கற்றது இங்கே வேர் பிடித்ததற்கு நம் வானமும் ஒரு காரணம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்கு மழையைத் தடுத்துவிடும். நமக்கு வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். மற்ற நாளெல்லாம் வறண்ட காற்றும் சுள்ளென்ற வெயிலும். குச்சி காய வேண்டும், பசை காய வேண்டும், வெடிக்குச் சுற்றிய காகிதக் குழாய் காய வேண்டும். காயப்போடுவதற்கென்றே பேர்போன ஊர் இது. இந்த ஊரில், சூட்டைப் பிடித்து உள்ளே அடைத்துவைக்கும் ஒரு பெட்டியைக் கட்டி, அதையும் வீட்டிலேயே சூடான இடத்தில் தூக்கி வைத்து, அதற்குள் தக்காளி நடலாம் என்கிறீர்கள்.

பசுமைக்குடில் குளிர் நாட்டுக்காரன் கண்டுபிடித்தது. அவனுக்கு அது தேவை. லண்டன் கியூ தோட்டத்தில் 1848-இல் ஒரு பெரிய கண்ணாடி மாளிகை கட்டி முடித்தார்கள். எதற்குத் தெரியுமா? வெப்ப நாட்டுப் பனை வகைகளைக் குளிரில் சாகாமல் வைத்திருக்க. நம் கரிசல் காட்டில் வரப்பு ஓரம் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கிறதே பனை, அதன் சொந்தக்காரர்களுக்கு அங்கே கண்ணாடி வீடு! பெங்களூர் லால்பாக்கில் 1889-இல் அடிக்கல் போட்ட கண்ணாடி மாளிகையைச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். ஊட்டித் தாவரவியல் பூங்காவிலும் ஒன்று இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் பாலித்தீன் குடிலில் ரோஜா வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் பெங்களூரும் ஓசூரும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. நாம் 100 மீட்டரை ஒட்டி இருக்கிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்று ஏழாம் வகுப்பில் எழுதிப் போட்டேனே, அதை எடுத்துப் பாருங்கள். அந்த ஊர் வீடியோவைப் பார்த்துவிட்டு ஆமத்தூரில் பைப் வாங்கக் கூடாது.

ஸ்பெயின் நாட்டில் அல்மேரியா என்று ஒரு வட்டாரம். கண்ணுக்கெட்டிய தூரம் பிளாஸ்டிக் குடில்தான், வானத்திலிருந்து பார்த்தால் நிலமே வெள்ளையாகத் தெரியும். அவர்களே கோடை வந்தால் கூரைமேல் சுண்ணாம்பு தெளித்து வெயிலைத் தடுக்கிறார்கள். அவர்கள் இருப்பது 37-ஆம் அட்சரேகையை ஒட்டி. நாம் இருப்பது 9½-இல்.

இந்த ஒன்பதரை டிகிரியில்தான் விஷயமே இருக்கிறது. பழைய மாணவர்களுக்குக் கொடிக்கம்ப நிழல் ஞாபகம் இருக்கும். சித்திரை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னதாக (அன்றைக்கு லீவு என்பதால்) உங்களை மைதானத்துக்குக் கூட்டிப்போய், பகல் 12 மணி 18 நிமிஷத்துக்குக் கம்பத்தின் நிழலை அளக்கச் சொல்வேன். அவ்வளவு உயரக் கம்பத்துக்கு ஒரு சாண் நிழல்கூட இருக்காது. ஏன் பன்னிரண்டு மணிக்கு இல்லாமல் பதினெட்டு நிமிஷம் தள்ளி? இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே கிட்டத்தட்ட 78-இல் இருக்கிறோம், ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். சரி, பாடத்தை விட்டுவிடுகிறேன்.

ஏப்ரல் 14, 15 வாக்கில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது. அதன் பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அது வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் கடைசி வாரம் வரை, ஏறக்குறைய நாலரை மாதம், மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து 14 டிகிரி வடக்கே. இங்கிலாந்துப் புத்தகத்தில் "தெற்குப் பார்த்த இடமே சிறந்தது" என்று எழுதியிருக்கும். அங்கே சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கேதான். அதைப் படித்துவிட்டு "வடக்குப் பக்கம் நிழலா இருக்கும், அங்க வச்சா வெயில் தாக்காது" என்று நம்ம ஊரில் ஒருத்தர் கணக்குப் போட்டால், மார்கழியில் அந்தக் கணக்கு சரியாக இருக்கும். பத்தடிச் சுவர் வடக்கே ஆறரை அடி நிழல் தரும். ஆனால் கொளுத்துகிற வைகாசி, ஆனியில் அதே வடக்குப் பக்கம் உச்சி வெயிலையும் வாங்கும், வடமேற்கில் சாய்கிற சாயங்கால வெயிலையும் வாங்கும். நிழல் தேவைப்படும்போது இருக்காது, தேவைப்படாதபோது இருக்கும். தெற்குப் பக்கமோ இதற்குத் தலைகீழ் என்றாலும், ஜூனில் கிடைக்கிற நிழல் இரண்டரை அடிதான். அதில் ஒரு தொட்டி வைக்கலாம், குடில் வைக்க முடியாது.

மேற்குப் பக்கத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். மூன்று மணி வெயில் சுவரில் அடித்து, அந்தச் சுவர் ராத்திரி ஒன்பது மணிக்கும் கையை வைத்தால் சுடும்.

மிச்சம் கிழக்கு. மாடி கட்டாத வீட்டில் கைப்பிடிச் சுவரையும் சேர்த்து 14 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சித்திரையில் இரண்டேகால் மணிக்குக் கிழக்கே எட்டடி நிழல் விழுந்திருக்கும். மூன்றேகாலுக்குப் பதினாலு அடி. அதாவது சுவரிலிருந்து பத்தடி அகலத்துக்குக் குடில் போட்டால், காலை வெயில் முழுசாகக் கிடைக்கும், உச்சி வெயிலை வலை பாதியாக்கிவிடும், இரண்டரை மணிக்கு மேல் வீடே குடை பிடிக்கும். காய்கறிச் செடிக்கு ஆறு மணி நேர வெயில் போதும். கிழக்கில் அதற்கு மேலேயே கிடைக்கிறது. செலவில்லாத குளிர்சாதனம் இது, வீடு கட்டும்போதே காசு கொடுத்து வாங்கிவிட்டோம். பயன்படுத்தாமல் விட்டிருக்கிறோம்.

"டீச்சர், கிழக்கேதான் கார் நிக்குது" என்று உடனே பதில் வரும். அது எனக்குத் தெரியும். காருக்கு ஒளிச்சேர்க்கை கிடையாது. அதை மேற்கே நிறுத்துங்கள்.

எங்கள் பெரியப்பா வீட்டு அண்ணாச்சி வாஸ்துவைத் தூக்கிக்கொண்டு வருவார். கிழக்கில் பாரம் ஏற்றக் கூடாதாம். அண்ணாச்சி, நாலு பைப்பும் ஒரு வலையும் பாரமா? அதுவும் போக, அதே வாஸ்துதானே அடுப்படியைத் தென்கிழக்கு அக்னி மூலையில் வைக்கச் சொல்கிறது? அப்படியென்றால் உங்கள் கணக்குப்படியே கிழக்குப் பக்கம்தான் அடுப்படிக்குப் பக்கம். தாளிக்கிற எண்ணெய் காய்வதற்குள் போய் நாலு கருவேப்பிலையைக் கிள்ளிக்கொண்டு வந்துவிடலாம். இந்தப் பக்கத்தில் இருத்தல் என்பதுதான் என் கட்சியின் மிச்ச பாதி. அதற்கு ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன். அந்த வீட்டு அம்மாவிடமும் மகனிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பேர் வேண்டாம்.

என் மாணவன் ஒருத்தன் வளைகுடாவில் இருக்கிறான். அப்பா தவறிய பிறகு அம்மா மட்டும் ஊரில். அறுபத்தெட்டு வயசு, முழங்கால் வலி. அம்மாவுக்குப் பொழுதும் போகும், மருந்தடிக்காத காயும் கிடைக்கும் என்று ஒரு தை மாதம் லீவில் வந்தபோது மாடியில் 200 சதுர அடிக்குப் பாலித்தீன் குடில் போட்டுக்கொடுத்தான். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து இரண்டே நாளில் முடித்துவிட்டுப் போனார்கள். லட்சத்துக்கு மேல் செலவு. தையிலும் மாசியிலும் அழகாக இருந்தது. எனக்கே இரண்டு தடவை கீரை வந்தது. பங்குனிப் பிற்பாதியில் தக்காளிப் பூ கொட்ட ஆரம்பித்தது. 35 டிகிரிக்கு மேல் போனால் தக்காளிக்கு மகரந்தம் கெட்டுவிடும், பிஞ்சு பிடிக்காது. அது நோய் இல்லை, மருந்தும் இல்லை. சித்திரையில் ஒரு நாள் நான் என் பழைய தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். மாடி நிழலில் 38, குடிலுக்குள் 46.

அந்த அம்மா சொன்னதுதான் எனக்கு மனசில் நிற்கிறது. "உள்ள போனா மூச்சு முட்டுது டீச்சரம்மா. அவன்கிட்ட சொல்லிராதீங்க. ஆசையாப் போட்டுக் குடுத்திருக்கான்."

மாடிக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். டேங்க்கே மூன்றடி உயரத்தில் இருந்தால் குழாய்க்கு எங்கே அழுத்தம்? அதனால் கீழேயிருந்து அரை வாளி அரை வாளியாக இருபத்தோரு படி ஏற்றியிருக்கிறார், காலையும் மாலையும். ஒரு நாள் ஈரப் படியில் சறுக்கி இரண்டு படி இறங்கிவிட்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் மகனிடம் சொல்லவில்லை. ஒரு செடி வைக்கிற விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். தனியாக இருக்கும் வயசானவர்களுக்குப் படிக்கட்டு என்பது சின்ன விஷயம் இல்லை. பிள்ளை பாசமாகச் செய்துகொடுத்ததை "வேண்டாம்" என்று சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது. ஆகவே போடுவதற்கு முன்னால் நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

பிறகு நானே மகனுக்கு போன் போட்டேன். ஒரு திட்டும் இல்லாமல் கேட்டுக்கொண்டான். பாலித்தீனை எடுத்துவிட்டு, அதே பைப்புகளில் பாதியைக் கீழே இறக்கி, கிழக்குச் சுவரோரம் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் பச்சை வலை போட்டாயிற்று. எல்லாம் செழித்துக் குலுங்குகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். போன தடவை போனபோது வெண்டையில் மாவுப்பூச்சி. ஆனால் அந்த அம்மா பல் துலக்கும்போதே அதைப் பார்த்துவிட்டார், அன்றைக்கே வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்துவிட்டார். மாடியில் இருந்திருந்தால் நாலு நாள் கழித்துத்தான் தெரிந்திருக்கும்.

இப்போது வலை பற்றி. கடையில் 35, 50, 75 என்று சதவீதம் சொல்லுவார்கள். அவ்வளவு பங்கு வெளிச்சத்தைத் தடுக்கும் என்று அர்த்தம். காய்கறிக்கு 50 போதும். "நம்ம ஊரு வெயிலுக்கு 75 போடுங்க" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள், செடி வெளிச்சம் தேடி நெட்டையாக வளர்ந்து சாயும். கூரை எட்டடிக்குக் குறையாமல் இருக்கட்டும். நாலு பக்கமும் இறுக்கி அடைக்காதீர்கள், காற்று ஓட வேண்டும். மயிலும் ஆடும் வராமல் இருக்க இடுப்பு உயரத்துக்கு மட்டும் வலை கட்டினால் முக்கால்வாசித் தொல்லை தீரும். முழுக்க என்று சொல்லவில்லை, மயிலுக்கு நம்மைவிடப் பொறுமை அதிகம்.

ஆனி, ஆடிக் காற்றை மறந்துவிடாதீர்கள். கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற தென்மேற்குக் காற்றில் ஒரு பங்கு நம்மையும் தொட்டுவிட்டுத்தான் போகிறது. மாடியில் கட்டிய வலை அந்தக் காற்றில் பாய்மரம். பைப்பைத் தளத்தோடு சேர்த்து ஆணி அடித்தால் தளத்தில் கசிவு, அடிக்காவிட்டால் பக்கத்து வீட்டில் போய் எடுக்க வேண்டும். கிழக்கில் வைத்தால் அதற்கும் வீடே மறைப்பு. தரையில் ஒரு சிக்கல் உண்டு, நம் கரிசல். மழைக்கு ஊதும், பங்குனியில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். லேசாகக் குழி தோண்டி நட்ட கால் அடுத்த வருஷம் சாய்ந்து நிற்கும். இரண்டடி ஆழம் தோண்டி, கரிசலை அள்ளிவிட்டு, கிராவல் போட்டு இறுக்கிக் கான்கிரீட் போடுங்கள். மூங்கில் மலிவு என்று வாங்கினால் கரையானுக்கு விருந்து.

தண்ணீரும் இடத்தை முடிவு செய்கிற விஷயம்தான். நம்மூர் போர்த் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. செடியின் இலை ஓரம் கருகினால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உப்பு இன்னும் கூடுதல், அதைக் கழிவறைக்குப் பயன்படுத்துங்கள். அரிசி, காய் கழுவிய தண்ணீர் நல்லது. அது அடுப்படியில்தான் கிடைக்கும், மாடிக்குத் தானாக ஏறாது. மண்ணையும் தண்ணீரையும் பற்றிச் சந்தேகம் என்றால் அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேளுங்கள். அரசாங்க மானியம் 50 சதவீதம் என்று ஒரு விளம்பரத்தை எனக்கு அனுப்பினீர்களே, அது நிலத்தில் பயிர் வைத்து விற்கிற விவசாயிகளுக்கானது. வீட்டுக் கொல்லைக்கு அதை எதிர்பார்த்து உட்காராதீர்கள்.

"நம்ம ஆளுகளுக்கு இதெல்லாம் முன்னாடி தெரியாதா டீச்சர்?" என்று ஒரு மருமகள் கேட்டாள். ஏன் தெரியாது? வெற்றிலைக் கொடிக்கால் பார்த்திருக்கிறாயா? மதுரை போகும்போது சோழவந்தான் பக்கம் எட்டிப் பார். அகத்தியை வரிசையாக நெருக்கமாக நட்டு, அது வளர்ந்த பிறகு அதன் காலடியில் வெற்றிலைக் கொடியை ஏற்றுவார்கள். அகத்திதான் பந்தல், அகத்திதான் நிழல்வலை, அகத்திதான் காற்றுத் தடுப்பு. நடுவில் வாய்க்காலில் தண்ணீர் நிற்கும். சித்திரை மத்தியானத்தில் உள்ளே நுழைந்தால் உடம்பு சில்லிடும். 2023-இல் சோழவந்தான் வெற்றிலைக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. என்னைக் கேட்டால் அந்தக் கொடிக்கால்தான் தமிழ்நாட்டின் சொந்தப் பசுமைக்குடில். சூட்டை அடைக்கவில்லை, விரட்டுகிறது. உங்கள் வீட்டின் கிழக்குப் பக்கம் தெருவாகவோ அடுத்த வீட்டுச் சுவராகவோ இருந்து, வேறு வழியில்லாமல் தெற்கிலோ வடக்கிலோ குடில் போட நேர்ந்தால், அதன் மேற்கு ஓரத்தில் ஐந்தாறு அகத்தியை நடுங்கள். சீக்கிரமே தலைக்கு மேல் வளர்ந்துவிடும். கீரைக்குக் கீரை, நிழலுக்கு நிழல். முருங்கை வேண்டாம், ஆடிக் காற்றில் கிளை முறிந்து வலைமேல் விழும்.

மாடி தவிர வேறு இடமே இல்லை என்கிற சிவகாசி, விருதுநகர் டவுன் பிள்ளைகளுக்கும் சொல்லியாக வேண்டும். மாடியிலும் ஒரு கிழக்கு உண்டு. படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை, அதன் தலையில் தண்ணீர் டேங்க், கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதன் கிழக்குப் பக்கம் போய் மத்தியானம் மூன்று மணிக்கு நின்று பாருங்கள். அந்த நிழல் எவ்வளவோ அவ்வளவுதான் உங்கள் தோட்டம். பாலித்தீன் வேண்டவே வேண்டாம். மண்ணை நேராகத் தளத்தில் கொட்டாதீர்கள். ஓரடி உயரத்துக்கு ஈர மண் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோ. நம் வீட்டு மொட்டை மாடிகளைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும் கணக்கில்தான் கட்டுகிறார்கள். தென்னை நார்க்கழிவு கலந்த பைகளைச் சுவருக்கு மேலே, பீம் போகிற வரிசையில் வையுங்கள். பழைய மெட்ராஸ் தள வீடு என்றால் ஒரு இன்ஜினியரிடம் காட்டாமல் எதையும் ஏற்றாதீர்கள்.

கடைசியாக நம்ம ஊருக்கென்றே ஒரு விஷயம். வலையும் பிளாஸ்டிக்தான், பொறி பட்டால் உருகி எரியும். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் ஏன் அவ்வளவு இடைவெளி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். தீபாவளி ராத்திரி நம்ம தெருக்களில் ராக்கெட் எந்த மாடியில் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. வலையை ஆணியடித்து நிரந்தரமாகக் கட்டாமல், கயிறு போட்டுச் சுருட்டுகிற மாதிரி கட்டுங்கள். ஐப்பசி பிறந்ததும் சுருட்டிவிடலாம். மழை மேகம் நிற்கிற அந்த மாதங்களில் செடிக்கும் முழு வெளிச்சம் வேண்டும், தைக்குப் பிறகு வெயில் ஏற ஏற விரித்துக்கொள்ளலாம். வலையின் ஆயுசும் கூடும்.

பைப்புக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நினைத்த இடத்தில் ஆளுயரக் குச்சி ஒன்றை நட்டு, காலை ஒன்பது, பகல் பன்னிரண்டேகால், மத்தியானம் மூன்று மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு போட்டோ அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஆமத்தூருக்குள் இருக்கிறவர்கள் கூப்பிட்டால் நாலு மணிக்கு மேல் டேப்பை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். டீ மட்டும் போதும், சர்க்கரை போட வேண்டாம்.